முத்துப்பாரும் ஊழல் சூத்திரமும்

பேரரசு கட்டும் கணினி விளையாட்டுகளில் ஊழல் என்பது வெறும் ஓர் எண். தலைநகரில் இருந்து இருபது கட்டம் தள்ளி ஒரு நகரத்தை நிறுவினால், அது ஈட்டும் பொன்னில் ஒரு பங்கு கருவூலத்துக்கு வந்து சேராது. எடுத்தவர் யார், எடுத்த பொன் எங்கே போனது என்று திரையில் எதுவும் தெரியாது. வரவுக் கணக்கில் ஒரு கழித்தல் குறி மட்டும் இருக்கும். இந்தக் கழித்தல் எப்படி அமைய வேண்டும் என்பது விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்கு. எந்தப் பேரரசுகளைப் பார்த்து இந்த விளையாட்டுகள் உருவாயினவோ, அவற்றில் சில தூத்துக்குடிக் கரையில் முத்துக்காக வந்து இறங்கியவை. ஆகவே சூத்திரத்தை உரசிப் பார்க்க அந்தக் கரை நல்ல உரைகல்.

சித் மெய்யர் உருவாக்கி 1991இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' இந்த வழக்கைத் தொடங்கி வைத்தது. அதில் ஒரு நகரத்தின் வணிக வருவாய், தலைநகரில் இருந்து அந்த நகரம் உள்ள தூரத்துக்கு ஏற்பக் குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஆட்சி முறை தீர்மானிக்கும். கொடுங்கோலாட்சியில் இழப்பு மிக அதிகம், முடியாட்சியில் கொஞ்சம் குறைவு. பொதுவுடைமை ஆட்சியில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, எல்லா நகரங்களும் ஒரே அளவில் இழக்கும். மக்களாட்சியில் ஊழலே கிடையாது. (தேர்தல் காலத் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரர் இந்த இடத்தில் சிரித்துவிட்டுத்தான் மேலே ஆடியிருப்பார்.) நகரத்தில் நீதிமன்றம் ஒன்றைக் கட்டினால் இழப்பு பாதியாகும்.

2001இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்த விதியை இறுக்கியது. தூரத்தோடு நகரங்களின் எண்ணிக்கையும் கணக்கில் சேர்ந்தது. வரைபடத்தின் அளவுக்கு ஏற்ப இத்தனை நகரங்கள்தான் ஏற்றவை என்று ஒரு வரம்பு இருந்தது. அதைத் தாண்டி நிறுவும் நகரங்களில் ஊழல் இன்னும் கடுமையாக இருந்தது. பொன் மட்டுமல்ல, உற்பத்தியும் கரைந்தது. கடைக்கோடி நகரம் ஒன்று எவ்வளவு வளர்ந்தாலும் முறைக்கு ஒரே ஓர் உற்பத்தி அலகைத் தரும் நிலை வந்தது. இரண்டாவது தலைநகரம் போலப் பயன்படும் அரண்மனை ஒன்றைக் கட்டலாம், நீதிமன்றம் கட்டலாம், காவல் நிலையம் கட்டலாம். ஆனால் முறைக்கு ஓர் அலகு தரும் நகரத்தில் நீதிமன்றம் எழும்ப எத்தனை காலம் ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், ஆட்டக்காரர்களின் கோபம் விளங்கும். நோயைத் தீர்க்கும் மருந்தை நோயாளியே உரலில் இடித்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு அது.

இவ்வளவு கடுமைக்குக் காரணம், வடிவமைப்பாளர்கள் ஊழலை ஊழலாகவே கருதவில்லை என்பதுதான். அவர்களுக்கு அது ஒரு கடிவாளம். அது இல்லாவிட்டால், கிடைத்த இடத்தில் எல்லாம் நகரத்தை நட்டுக்கொண்டே போவதுதான் எப்போதும் வெல்லும் வழியாக இருக்கும். அப்படி ஆனால் விளையாட்டில் யோசிக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே விரிவுக்கு ஒரு விலை வைத்து, அந்த விலைக்கு ஊழல் என்று பெயரிட்டார்கள். பெயர் உலகத்தில் இருந்து வந்தது, வேலை சமநிலைக்காக. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் பின்னால் வந்த சண்டைகள் அனைத்துக்கும் ஊற்று.

2005இல் நான்காம் பதிப்பு ஊழலை நீக்கிவிட்டு அதே இடத்தில் பராமரிப்புச் செலவை வைத்தது. நகரங்கள் கூடக் கூட, தூரம் ஏற ஏற, கருவூலத்தில் இருந்து பொன் வெளியே போகும். அடிப்படைக் கணக்கு கிட்டத்தட்ட அதுவேதான். ஆனால் பழைய முறையில் கடைக்கோடி நகரம் வெறுமனே பயனற்றது, புதிய முறையில் அது நஷ்டம். பயனற்ற நகரத்தையும் சும்மா கிடக்கட்டும் என்று ஆட்டக்காரர் நட்டு வைப்பார். நஷ்டம் தரும் நகரத்தை நடும் முன் யோசிப்பார். 2010இன் ஐந்தாம் பதிப்பில் கடிவாளம் மக்களின் மகிழ்ச்சி என்ற பெயரில் வந்தது. ஆறாம் பதிப்புக்கு 2018இல் வந்த கூடுதல் தொகுப்பில் விசுவாசம் என்ற அளவு சேர்ந்தது, அத்துடன் நகரங்களுக்கு அனுப்பப்படும் ஆளுநர்களும் வந்தார்கள். அந்த ஆளுநர்கள் யாரும் திருட மாட்டார்கள்.

மற்றத் தொடர்கள் வேறு வேறு வழிகளில் போயின. 2004இன் 'ரோம்: டோட்டல் வார்' வரவு செலவுப் பட்டியலில் ஊழலும் பிறவும் என்று ஒரே வரி இருந்தது. தலைநகரை வரைபடத்தின் நடுவுக்கு மாற்றினால் அந்த வரி சுருங்கும், அதனால் ஆட்டக்காரர்கள் தலைநகரைப் பெட்டி போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 'யூரோப்பா யுனிவர்சாலிஸ்' நான்காம் பதிப்பில் 2016இல் சேர்ந்த ஊழல், தூரத்தை விட்டுவிட்டு ஆட்சியாளரின் நடத்தையைப் பிடித்தது. நாணயத்தில் கலப்படம் செய்து அவசரத்துக்குப் பணம் எடுத்தால் ஊழல் ஏறும். படை, நிர்வாகம், ராஜதந்திரம் மூன்றில் ஒன்றை மட்டும் வளர்த்து மற்றவற்றைக் கைவிட்டால் ஏறும். ஒவ்வொரு மாதமும் பணம் ஒதுக்கித்தான் அதைக் குறைக்க முடியும்.

இந்தச் சூத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரு கற்பனை பொதுவாக இருக்கிறது. அரசனுக்குத் தன் நாட்டில் எவ்வளவு விளைகிறது என்று கடைசிக் காசு வரை தெரியும், அதில் ஒரு பகுதி கை நழுவுகிறது என்பதுதான் அது. முத்துக் கரையின் வரலாறு இந்தக் கற்பனைக்குள் அடங்குவதில்லை. அங்கே எவ்வளவு விளைந்தது என்பதே எந்த அரசனுக்கும் தெரியாது.

முத்து திருட்டுக்கென்றே படைக்கப்பட்டது போன்ற பொருள். நெல்லைக் களத்தில் அளக்கலாம், உப்பை அம்பாரத்தில் அளக்கலாம், துணிப் பொதியை எண்ணலாம். ஒரு நல்ல முத்து வாய்க்குள் அடங்கிவிடும், வயிற்றுக்குள்ளும் போய்விடும். அது கடலின் அடியில் பார் என்று அழைக்கப்படும் மேட்டில், சிப்பிக்குள் இருக்கிறது. கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் குளியாளியைத் தவிர வேறு யாரும் அந்தப் பாரைப் பார்ப்பதில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து கிடைக்கும் இடங்களைச் சொல்லும்போது தாமிரபரணியையும் பாண்டிய நாட்டையும் குறிப்பிடுகிறது. அதே நூல்தான் அதிகாரிகள் அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிச் சொல்கிறது. நீருக்குள் நீந்தும் மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதது போலத்தான் அதிகாரி எடுப்பதும் என்று ஓர் உவமையும் அதில் உண்டு. தூரத்தைப் பற்றி அந்த உவமையில் ஒரு சொல்லும் இல்லை. மீன் அரசனின் காலடியிலேயே நீந்தலாம்.

பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றும், சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதினார். அந்த மந்திரவாதிகளைக் கரையோரத்தில் கடல்கட்டி என்று அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு நடத்திய குளிப்பிலும் அவர்கள் இருந்தார்கள். போலோ சொல்லும் இன்னொரு செய்திதான் இங்கே முக்கியம். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட முத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்று தடை இருந்தது. தடையோடு அரசன் நிற்கவில்லை. நல்ல முத்தோ மணியோ வைத்திருப்பவர் அரண்மனைக்குக் கொண்டுவந்தால் இரட்டிப்பு விலை தருவதாக அறிவித்தான், வணிகர்களும் மனம் ஒப்பிக் கொண்டுவந்தார்கள் என்கிறார் போலோ. மறைத்துக் கடத்தினால் கிடைக்கும் லாபத்தைவிட நேரே கொண்டுவந்தால் கிடைக்கும் லாபம் கூடுதலாக இருக்கும்படி கணக்கை மாற்றி அமைத்த ஏற்பாடு இது. எந்த விளையாட்டின் நீதிமன்றமும் காவல் நிலையமும் செய்யாத வேலை.

போர்த்துக்கீசியர் வந்தபோது சூத்திரத்துக்குப் பொருத்தமான ஒரு பேரரசு வந்தது என்று சொல்லலாம். தலைநகரம் லிஸ்பன். அங்கிருந்து கோவாவுக்குக் கப்பல் வந்து சேரச் சாதாரணமாக ஆறு மாதம். காற்றின் பருவத்துக்குக் காத்திருந்து திரும்ப வேண்டும் என்பதால், ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. 1530களில் இந்தக் கரையின் மீனவர்களான பரதவர் கத்தோலிக்க மதத்துக்கு மாறிப் போர்த்துக்கீசியப் பாதுகாப்புக்குள் வந்த பிறகு, முத்துக் கரைக்கென்று ஒரு கேப்டன் நியமிக்கப்பட்டார். அவருடைய சம்பளம் பேருக்குத்தான். பதவி, முன்பு செய்த சேவைக்கான வெகுமதி. அதில் எவ்வளவு சேர்க்க முடியுமோ அதுவே உண்மையான ஊதியம் என்பது மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

1542இல் இந்தக் கரைக்கு வந்த மறைப்பணியாளர் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களில் கோஸ்மே டி பைவா என்ற கேப்டனைப் பற்றிய குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உள்நாட்டு ஆட்சியாளர்களுக்குக் குதிரை விற்பது அவருடைய சொந்தத் தொழில். அன்று தென்பாண்டி நாட்டில் குதிரை என்றால் போர்த் தளவாடம். தான் காக்க வேண்டிய மீனவ ஊர்களைச் சுற்றிலும் சண்டை நடந்துகொண்டிருக்கையில், சண்டையிடுபவர்களுக்கே அந்த அதிகாரி குதிரை விற்றார். 1544இல் தூத்துக்குடி தாக்கப்பட்டபோது அவர் வீட்டையும் கப்பலையும் இழந்து பக்கத்துத் தீவில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவருக்குத் தண்ணீரும் உணவும் அனுப்பும்படி சவேரியாரே ஆட்களை ஏவினார். மறு ஆண்டு லிஸ்பனில் இருந்த தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வேண்டியவர்கள் யாரையும் அரசுப் பதவியில் இந்தியாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று சவேரியார் கேட்டுக்கொண்டார். கொள்ளையடிப்பது என்ற வினைச்சொல்லுக்கு இலக்கணத்தில் இல்லாத விகுதிகளை எல்லாம் இங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற கேலியும் அதில் இருந்தது.

இந்தக் கதையில் கருவூலத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் விடை சிறியது. குதிரை விற்ற காசு கருவூலத்துக்கு வர வேண்டிய காசே அல்ல. நஷ்டம் வேறு இடத்தில் விழுந்தது. எல்லைக் காவல் பலவீனமானது, பக்கத்து ஆட்சியாளனின் படை பலமானது, காக்கப்பட வேண்டியவர்களின் நம்பிக்கை போனது. வருமானத்தில் இத்தனை விழுக்காடு குறையும் என்ற சூத்திரத்தால் இவற்றில் ஒன்றையும் காட்ட முடியாது. ஊழல் செய்யும் ஆளுநர் எதிரி நாட்டுக்குக் குதிரை விற்கும் ஒரு விளையாட்டு வந்தால், ஆட்டக்காரர் அந்த ஆளுநரின் பெயரையாவது நினைவில் வைத்திருப்பார். சட்டப்படியான வசூலும் அன்று வேடிக்கையாகத்தான் இருந்தது. போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கு என்று இந்தக் கரையில் இருந்து ஆண்டுக்கு 4,000 பணம் வசூலானது. சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தருபவர்களின் சம்பளத்துக்கு அந்தப் பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கினார்.

போர்த்துக்கீசியப் பதவிகள் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்துக்கானவை. ஒரே இடத்தில் ஓர் அதிகாரியை நெடுநாள் வைக்கக் கூடாது என்பது கௌடில்யர் காலத்து அறிவுரை. அதைப் பின்பற்றிய இடத்தில் நேர்மாறான பலன் விளைந்தது. மூன்றாண்டுக்குள் வாழ்நாள் சம்பாத்தியத்தைத் திரட்டிக்கொண்டு கப்பலேற வேண்டும் என்ற அவசரத்தை அந்தக் கால வரம்பே உண்டாக்கியது. கோவாவில் ஆவணக் காப்பாளராக இருந்த வரலாற்றாசிரியர் தியோகோ டோ கோத்தோ, ஒரு பழைய படைவீரன் பேசுவதாக அமைத்து இந்தச் சீர்கேடுகளை ஒரு முழு உரையாடல் நூலாகவே எழுதினார். அது அச்சேறியது 1790இல், அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து.

சோழர் காலத்து உத்தரமேரூர் கல்வெட்டுகளிலும் கால வரம்பு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளின்படி, குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிய உறுப்பினரின் காலம் 360 நாள். அண்மை மூன்றாண்டுகளில் பதவியில் இருந்தவர் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. போர்த்துக்கீசியக் கேப்டனின் காலத்தைவிடக் குறுகிய காலம்தான். அங்கே ஏன் அதே அவசரம் வரவில்லை என்பதற்கு இன்னொரு விதியில் விடை இருக்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. வாரிய உறுப்பினர் பதவி முடிந்தபின் கப்பலேறிப் போவதில்லை. அதே தெருவில், தன்னிடம் கணக்குக் கேட்டவர்களுக்கு நடுவில், பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ வேண்டும். ஆக, ஒரு விளையாட்டில் ஆளுநரை அடிக்கடி மாற்றும் வசதி வைப்பதாக இருந்தால், மாற்றப்பட்டவர் எங்கே போகிறார் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வசதி ஊழலைக் கூட்டுமா குறைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் சூத்திரத்தின் தூர விதியை வேறு விதமாகப் பொய்யாக்கினார்கள். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தூத்துக்குடி நிர்வாகம் கொழும்புக்குக் கீழ் இருந்தது. கொழும்பு, வளைகுடாவுக்கு அப்பால் சில நாள் பயணம். கொழும்புக்கு மேலே ஜாவாவில் இருந்த பத்தாவியா, அதற்கும் மேலே ஆம்ஸ்டர்டாம். இரண்டாம் தலைநகரம், மூன்றாம் தலைநகரம் என்று விளையாட்டு சொல்லும் மருந்தை எல்லாம் கம்பெனி போட்டுப் பார்த்துவிட்டது. பேரேடுகள் ஒழுங்காக எழுதப்பட்டன, கடிதங்கள் இடைவிடாமல் போயின. ஆனாலும் ஊழல் நின்றபாடில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவு. சொந்த வணிகத்துக்கு முழுத் தடை. இந்த இரண்டையும் ஒருசேர வைத்துவிட்டால் ஊழியர் வாழ்வதற்கே விதியை மீற வேண்டும். தூத்துக்குடியில் கம்பெனி வாங்கிய துணியிலும் எடுத்த சங்கிலும் சொந்தக் கணக்குக்கு இடம் இருந்தது. எல்லாப் படியிலும் உள்ளவர்கள் அதைச் செய்ததால், மேலதிகாரிக்குக் கீழதிகாரியைத் தட்டிக்கேட்கும் வாய் இல்லாமல் போனது.

1684இல் கம்பெனி ஹென்றிக் வான் ரீடே என்பவரை, வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார் பகுதிகளில் நடக்கும் முறைகேடுகளை விசாரிக்க முழு அதிகாரத்தோடு அனுப்பியது. கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிய 'ஓர்த்துஸ் மலபாரிகஸ்' என்ற பன்னிரண்டு தொகுதி நூலுக்காக இன்று அறியப்படுபவர் அவர்தான். ஊர் ஊராகப் போய்ப் பேரேடுகளைப் புரட்டி, ஆட்களை நீக்கி, ஏழு ஆண்டு அலைந்தார். 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனி சண்டையைக் கைவிட்டது. இன்ன பதவியில் இருப்பவர் இவ்வளவு மேல்வரும்படி எடுப்பார் என்று தானே கணித்து, அதன்மேல் ஊழியர்களிடம் ஒரு வரி வசூலித்தது. ஊழலுக்கு வரி விதிப்பது எந்த விளையாட்டு வடிவமைப்பாளருக்கும் இதுவரை தோன்றியதாகத் தெரியவில்லை. 1799ஆம் ஆண்டின் கடைசி நாளோடு கம்பெனி முடிந்தது. ஊழலால் மடிந்தது என்று பொருள் வரும்படி அதன் பெயரின் முதலெழுத்துகளை விரித்துச் சொல்லும் கேலி டச்சு மொழியில் உண்டு.

ஆங்கிலேயக் கம்பெனி ஆசியக் கடல்களுக்குள் தன் ஊழியர்களின் சொந்த வணிகத்தைப் பெரும்பாலும் அனுமதித்தது. அதனால் அவர்கள் யோக்கியர்களாகிவிடவில்லை. சென்னையின் ஆளுநர் எலிஹு யேல் முறைகேட்டுப் புகார்களால் 1692இல் பதவி இழந்தார். ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தே கொழுத்த ஊழியர்கள் அடுத்த நூற்றாண்டில் பலர். ஆனாலும் அந்தச் சொந்தப் பணம் கப்பலாகவும் கிடங்காகவும் சென்னைக் கரையிலேயே நின்றது, துறைமுகம் அதனால் வளர்ந்தது. விளையாட்டில் கசியும் பொன் ஆவியாகிப் போகிறது. உலகத்தில் அது யாரோ ஒருவர் கையில் சேர்கிறது. அந்தக் கை அதே ஊரில் வீடு கட்டலாம், கப்பல் வாங்கலாம், படை திரட்டலாம். 'கிரூசேடர் கிங்ஸ்' தொடர் இதற்கு ஓரளவு அருகில் வருகிறது. அதில் சிற்றரசனுக்குத் தனிக் கருவூலம் உண்டு. அவன் மேலே அனுப்பாத பொன்னில் கோட்டை கட்டுவான், ஒரு நாள் அந்தக் கோட்டையில் இருந்தே கிளர்ச்சி செய்வான். 2001இல் வந்த 'டிராபிகோ' இன்னும் வெளிப்படையானது. அதில் தீவின் அதிபரே ஆட்டக்காரர். பொதுப்பணத்தைச் சுவிஸ் வங்கியில் தன் கணக்குக்கு ஒதுக்குவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. ஊழலைத் தனக்கு நேரும் இழப்பாக அல்லாமல் தானே செய்யும் செயலாகக் காட்டியதால், முப்பது ஆண்டுகளில் இந்தப் பொருளை நேர்மையாகக் கையாண்ட விளையாட்டு அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

தூத்துக்குடி 1825இல் டச்சுக்காரர்களிடம் இருந்து நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன் பின் முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், படிப்படியாக நிலைத்த நடைமுறைகள், எண்ண முடியாத பொருளை எண்ணாமலே காப்பது எப்படி என்பதற்கு அழகான பாடம். தோணிகள் விடியும் முன் நிலக்காற்றில் பாருக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பும். கொண்டுவந்த சிப்பியைக் கொட்டு என்ற வேலியிட்ட இடத்தில் இறக்கி, குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரி. பிரிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்பதால் குவியலை ஏற்றத்தாழ்வாகப் பிரிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. வீட்டில் பலகாரத்தைப் பங்குபோடும் பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லும் அதே முறைதான்.

அரசு தன் பங்கைத் திறந்து பார்ப்பதே இல்லை. அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் ஏலம் விட்டுவிடும். உள்ளே ஆணிமுத்து இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சூதாட்டம் ஏலம் எடுத்த வணிகருடையது. சிப்பியை அழுகவிட்டு, அலசி, முத்தைப் பொறுக்கும்போது திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் தலைவலியும் அவருடையது. அரசு காக்க வேண்டியது மூடிய சிப்பியை மட்டும். மூடிய சிப்பி வாயில் அடங்காது. தோணியிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை எடுத்துவிடும் வாய்ப்பு மட்டும் மிஞ்சியது. அதற்குத்தான் கடலில் காவல் போட வேண்டியிருந்தது. ஒரு பொருளை எந்தக் கட்டத்தில் கைமாற்றினால் கசிவு மிகக் குறையும் என்ற கேள்விக்கு இங்கே விடை கண்டிருக்கிறார்கள். குளியாளிக்குக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கும் இந்த ஏற்பாட்டின் ஒரு கால். தன் பங்கை விற்கும் உரிமை அவருக்கு இருந்ததால், ஒளித்து எடுப்பதற்கான தேவை அந்த அளவுக்குக் குறைந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி ரயில் பாதை திறந்தது 1876இல். தலைநகரின் தூரம் அன்று மணிக்கணக்காகச் சுருங்கியது. கொட்டு நடைமுறையோ அதற்குப் பின்னும் அப்படியே தொடர்ந்தது, ஏனென்றால் அது தூரத்துக்காக ஏற்பட்டதல்ல.

இவற்றை எல்லாம் விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் வடிவமைப்பாளர்கள் மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஐம்பது நகரங்களை ஆளும் ஆட்டக்காரர் ஒவ்வொரு ஆளுநரின் சம்பளத்தையும் பங்கையும் பதவிக் காலத்தையும் தனித்தனியே கவனித்துக்கொண்டிருந்தால் அது விளையாட்டாக இராது, தாலுகா அலுவலகமாக இருக்கும். தன் வருமானம் எவ்வளவு என்பதையே மறைத்துவிட்டால், தோல்விக்குக் காரணம் தன் முடிவா, தெரியாத திருட்டா என்று புரியாமல் ஆட்டக்காரர் கடுப்பாவார். கணினி ஆளும் எதிரிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். அவற்றுக்கு இதைக் கையாளும் சாமர்த்தியம் கற்றுத்தருவது எளிதல்ல. மூன்றாம் பதிப்பின் முரட்டுச் சூத்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரியும்.

ஆனாலும் இடைப்பட்ட வழி இருக்கிறது. தூரத்தை அடிப்படையாக வைப்பதை விட்டுவிட்டு, பொருளுக்கு ஏற்பக் கசிவை மாற்றலாம். தானியம் தரும் நகரத்தில் குறைவு, முத்தோ பொன்னோ தரும் நகரத்தில் அதிகம். ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரே ஒரு தேர்வு போதும். அதிகச் சம்பளம் கொடுத்துக் குறைந்த கசிவை ஏற்பது ஒரு வழி. சம்பளமே இல்லாமல் அனுப்பிவிட்டு, ஆளுநர் எடுத்துக்கொள்வதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது இன்னொரு வழி. கசிந்த பொன்னை அழிக்காமல் அந்த ஊரின் கணக்கிலேயே சேர்த்துவைத்தால், அது ஒரு தலைமுறை கழித்துச் சந்தையாகவோ கலகமாகவோ தலை தூக்கும். தொல்லையே வேண்டாம் என்பவருக்கு மூன்றாவதாக ஒரு பொத்தான் வைக்கலாம்: குத்தகை. முழு வருமானத்தையும் ஒருவருக்கு முன்பணத்துக்கு விட்டுவிட்டால் அரசனுக்குத் திருட்டு பற்றிய கவலை கிடையாது.

அந்தப் பொத்தானுக்கும் முத்துக் கரையில் முன்மாதிரி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் சலாபமே குத்தகைக்குப் போனதுண்டு. ஒரு பருவத்துக்குப் பணம் கட்டிய குத்தகைதாரருக்கு, அடுத்த பருவத்துக்கு இளஞ்சிப்பியை விட்டுவைப்பதில் எந்த லாபமும் இல்லை. பார்கள் தாமாகவும் வற்றும். 1830இன் சலாபத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் ஏறக்குறைய முப்பது ஆண்டு குளிப்பே நடக்கவில்லை. எதிர்க்கரையில் இலங்கை அரசு 1906இல் தன் முத்துப்பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்கு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பிறகு குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது.